மருத்துவர் தமக்குத்தாமே மருந்து எழுதுதல்

மருத்துவர் தமக்குத்தாமே மருந்து எழுதுதல் என்பது, பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் தமது உடல்நலக் குறைவுக்கு வேறொரு மருத்துவரை நாடாமல், தாமே நோயைக் கணித்துத் தம் பெயருக்கே மருந்துச் சீட்டு எழுதிக்கொள்வதையும், சீட்டு எதுவும் இன்றி மருந்தை எடுத்து உட்கொள்வதையும் குறிக்கும். தம் வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு எழுதுவதும் பெரும்பாலும் இதனுடன் சேர்த்தே ஆராயப்படுகிறது. இது மருத்துவ அறவியலில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வரும் ஒரு கேள்வி ஆகும்.

மருந்தைப் பற்றி அறிந்தவர் தமக்கு எழுதிக்கொள்வதில் என்ன தவறு என்று தோன்றுவது இயல்பே. ஆனால் இங்கு குறைவுபடுவது அறிவு அன்று. நோயாளியை வெளியிலிருந்து பார்க்கும் இரண்டாவது ஆள் ஒருவர் இல்லாமற் போவதே இதன் அடிப்படைச் சிக்கல் ஆகும். நகரங்களில் இக்குறையை நீக்குவது எளிது. மருத்துவர்கள் குறைவாக உள்ள ஊர்களில் அது எளிதன்று. எனவே இக்கட்டுரை இக்கேள்வியைப் பொதுவாகவும், திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காடு ஏரிக்கரை மீனவ ஊர்கள் போன்ற இடங்களை முன்வைத்தும் விளக்குகிறது.

சொற்பொருள்

ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படும் மூன்று செயல்களை இங்கு வேறுபடுத்திக் காண்பது பயன் தரும்.

• தன்மருத்துவம்: மருத்துவரோ மற்றவரோ, எவரும் தம் நோய்க்குத் தாமே மருந்து தெரிவு செய்து உட்கொள்வது. தலைவலிக்குப் பாராசிட்டமால் மாத்திரை வாங்கி உண்பது முதல், பழைய சீட்டைக் காட்டி நுண்ணுயிர்க்கொல்லி வாங்குவது வரை யாவும் இதில் அடங்கும்.
• தமக்குத்தாமே மருந்து எழுதுதல்: சீட்டு எழுதும் சட்ட உரிமை உடையவர் அவ்வுரிமையைத் தமக்கே பயன்படுத்துவது. இது மருத்துவர்களுக்கு மட்டுமே இயலும்.
• தற்சோதனை: ஆராய்ச்சிக்காகத் தம் உடலில் மருந்தையோ தடுப்பூசியையோ செலுத்திப் பார்ப்பது. வால்டெமர் ஹாஃப்கின் தாம் உருவாக்கிய கொள்ளைநோய்த் தடுப்பூசியை 1897 சனவரி 10 அன்று பம்பாயில் முதலில் தமக்கே செலுத்திக்கொண்டது இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஆகும். இதன் அறவியல் கேள்விகள் வேறானவை. ஆகையால் இக்கட்டுரை அவற்றை ஆராயவில்லை.

மரபில் இக்கருத்து

திருக்குறளின் 95 ஆவது அதிகாரமாகிய 'மருந்து', மருத்துவம் பற்றிய தெளிவான கருத்துகளைக் கொண்டது. இவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் (950) மருத்துவத்தை நான்கு கூறுகள் கொண்டதாகக் காட்டுகிறது. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து மருந்தைக் கொடுத்துப் பேணுபவர் என்பவையே அந்நான்கு கூறுகள். இதற்கு முந்தைய குறள் (949), நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்ப்பது கற்றறிந்தவரின் கடமை என்கிறது. ஆயுர்வேத நூலாகிய சரக சம்கிதையும் இதே நான்கு கூறுகளை மருத்துவத்தின் நான்கு கால்களாகக் கூறுகிறது.

இந்நூல்கள் மருத்துவர் தமக்குத்தாமே மருந்து எழுதுவது பற்றி நேரடியாக எதுவும் கூறவில்லை. எனினும் நோயுற்றவரும் தீர்ப்பவரும் தனித்தனிக் கூறுகளாக எண்ணப்பட்டிருப்பது கருதத்தக்கது. மருத்துவர் தமக்கே எழுதிக்கொள்ளும்போது இவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. எவரிடமும் சொல்லாமல் உட்கொண்டால் பேணுபவர் என்னும் கூறும் மறைந்துவிடுகிறது. எஞ்சுவது மருந்து மட்டுமே.

ஒரு மருந்துச் சீட்டு உருவாகும் முறை

மருந்துச் சீட்டு என்பது மருந்தின் பெயர் எழுதிய தாள் மட்டும் அன்று. அதற்குப் பின்னால் பல படிகள் உள்ளன. நோயாளி தம் துன்பத்தைச் சொல்கிறார். மருத்துவர் அவர் சொல்லாமல் விட்டவற்றையும் கேட்கிறார். உடலைத் தொட்டும், தட்டியும், காதால் கேட்டும் ஆராய்கிறார். இருக்கக்கூடிய நோய்களை வரிசைப்படுத்தி, தேவையானால் இரத்தம், சளி, எக்சுகதிர்ப் படம் முதலிய சோதனைகளைச் செய்விக்கிறார். பிற மருந்துகள், ஒவ்வாமை, சிறுநீரகம், கல்லீரல், செய்யும் தொழில் ஆகியவற்றைக் கருதி மருந்தையும் அளவையும் முடிவு செய்கிறார். மீண்டும் வரவேண்டிய நாளைக் குறிக்கிறார்.

மருத்துவர் தமக்கே எழுதும்போது இப்படிகளுள் பல விடுபட்டுப் போகின்றன. தம் முதுகுப்புறத்தில் நுரையீரல் ஒலியை ஒருவர் தாமே செம்மையாகக் கேட்க இயலாது. தம் வயிற்றைத் தாமே அழுத்திப் பார்க்கும்போது தசை இறுகுவது நோயாலா, எதிர்பார்ப்பாலா என்று பிரித்தறிவது கடினம். இவற்றைவிடப் பெரிய இடர்ப்பாடு கேள்விகளில் உள்ளது. மது, உறக்கமின்மை, பாலியல் நோய், மனச்சோர்வு ஆகியவை பற்றிப் பிறரிடம் தயங்காமல் கேட்கும் ஒருவர், அதே கேள்விகளைத் தம்மிடம் கேட்டுக்கொள்வதில்லை. கேட்டாலும், விடை சொல்பவரும் அவ்விடையை நம்ப விரும்புபவரும் ஒருவராகவே இருக்கிறார்.

இரட்டைச் சரிபார்ப்பு என்னும் இக்கொள்கை மருத்துவத்துக்கு மட்டும் உரியதன்று. வங்கியில் பெருந்தொகை வழங்க இரு அலுவலர்கள் ஒப்பமிடுகின்றனர். மென்பொருள் துறையில் ஒருவர் எழுதிய நிரலை வேறொருவர் படித்துப் பார்த்த பின்னரே சேர்ப்பது வழக்கம். எழுதியவர் திறமையற்றவர் என்பது இதன் பொருளன்று. தாம் எழுதியதில் உள்ள பிழை எழுதியவர் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை என்பதே காரணம்.

காரணங்கள்

மருத்துவர்கள் இவ்வாறு செய்வதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணங்கள் பின்வருமாறு:

• நேரமின்மை. தம் நோயாளிகளின் வரிசையை விட்டுவிட்டு வேறொருவரின் வரிசையில் காத்திருக்க இயலாமை.
• மருந்து கைக்கெட்டும் தொலைவில் இருத்தல். மருத்துவமனை மருந்தகமும், நிறுவனங்கள் தரும் மாதிரி மருந்துகளும் இதற்கு வழி செய்கின்றன.
• சிறு நோய்க்காக உடன் பணியாற்றுபவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற எண்ணம்.
• கமுக்கம் காக்கும் விருப்பம். சிறிய ஊரில் மருத்துவரின் நோய் விரைவில் ஊர்ப்பேச்சாகிவிடும். மனநோய், காசநோய், எச்.ஐ.வி. முதலியவற்றில் இவ்வச்சம் மிகுதி.
• மருத்துவர் நோயுறக்கூடாது என்னும் மனப்பான்மை. இது பயிற்சிக் காலத்திலேயே உருவாகிவிடுகிறது.
• அருகில் வேறு மருத்துவர் இல்லாமை.

இவற்றுள் கடைசிக் காரணம் மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. மற்றவை பழக்கத்தையும் மனப்பான்மையையும் சார்ந்தவை. இதுவோ இடத்தையும் அமைப்பையும் சார்ந்தது. அறநெறிக் குறிப்புகளும் இதை விதிவிலக்காகவே கருதுகின்றன.

விளையக்கூடிய தீங்குகள்

நோயைத் தவறவிடுதல்

நாட்பட்ட இருமலுக்கு மருத்துவர் ஒருவர் லெவோஃபுளோக்சசின் போன்ற ஃபுளோரோகுயினோலோன் வகை நுண்ணுயிர்க்கொல்லியைத் தமக்கு எழுதிக்கொள்வதாகக் கொள்வோம். அவ்வகை மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கக்கூடியவை. இருமல் சிலகாலம் தணியும். காசநோய் கண்டறியப்படுவது தள்ளிப்போகும். கிருமி அம்மருந்துக்கு எதிர்ப்பாற்றல் பெறவும் கூடும். காசநோயாளிகளுடன் நாள்தோறும் பழகும் மருத்துவருக்கு அந்நோய் தொற்றும் வாய்ப்பு மிகுதி. இதற்கிடையில் அவர் தம் நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் அதைப் பரப்பிக்கொண்டிருப்பார். எனவே இத்தீங்கு அவரோடு நிற்பதில்லை. வேறொரு மருத்துவரிடம் சென்றிருந்தால் அவர் முதலில் கேட்டிருக்கக்கூடியது சளிச் சோதனையே ஆகும்.

பதிவு இல்லாமை

தமக்கு எழுதிக்கொண்ட மருந்து எந்தக் கோப்பிலும் இடம்பெறுவதில்லை. பின்னர் அம்மருத்துவர் மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டால், அவர் என்ன மருந்து உட்கொண்டு வந்தார் என்பதை அறிய வழி இருக்காது.

பழக்க அடிமைத்தனம்

வலிநீக்கி அபின் வகை மருந்துகள், உறக்க மாத்திரைகள், பதற்றம் தணிக்கும் மருந்துகள் ஆகியவற்றில் இவ்விடர் மிகவும் கடுமையானது. அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் (1852–1922) இதற்கு வரலாற்றுச் சான்றாக உள்ளார். 1884 இல் கோக்கேன் உடற்பகுதியை மரத்துப்போகச் செய்யும் என்பது அறியப்பட்டபோது, அவரும் உடன் பணியாற்றியோரும் தம் உடலிலேயே அதைச் செலுத்தி ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சி நரம்பு மரப்பு முறைக்கு அடித்தளமிட்டது. ஆனால் ஹால்ஸ்டெட் கோக்கேனுக்கு அடிமையானார். பின்னர் மார்ஃபீன் பழக்கத்துக்கும் ஆளானார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவராகப் பெரும்புகழுடன் விளங்கிய காலத்திலும் அவர் மார்ஃபீனைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டார் என்பதை, அவருடைய நண்பரான வில்லியம் ஆஸ்லர் எழுதி வைத்த குறிப்பு 1969 இல் வெளியான பின்னரே உலகம் அறிந்தது. ஆராய்ச்சியாகத் தொடங்கியது பழக்கமாக மாறிய எல்லையை அவரால் தாமாக நிறுத்திப் பார்க்க இயலவில்லை.

இந்தியாவில் சட்டநிலை

இந்தியாவில் மருந்து விற்பனை 1940 ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தாலும், அதன்கீழ் 1945 இல் இயற்றப்பட்ட விதிகளாலும் ஒழுங்குபடுத்தப்படுகிறது. இவ்விதிகளுள் 65 ஆவது விதி மருந்துச் சீட்டு எப்படி இருக்கவேண்டும் என்று கூறுகிறது. சீட்டு எழுத்தில் இருக்கவேண்டும். எழுதியவர் கையொப்பமிட்டு நாள் குறிக்கவேண்டும். எவருடைய சிகிச்சைக்காக எழுதப்பட்டதோ அவருடைய பெயரும் முகவரியும், மருந்தின் மொத்த அளவும், உட்கொள்ளும் அளவும் இடம்பெறவேண்டும். எழுதியவர் வெளிப்படையாகக் குறிப்பிட்டாலன்றி ஒரே சீட்டுக்கு மறுமுறை மருந்து வழங்கக்கூடாது.

கடுமையான கட்டுப்பாடு தேவைப்படும் மருந்துகள் தனி அட்டவணைகளில் உள்ளன:

• அட்டவணை எச்: மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகள்.
• அட்டவணை எச்1: 2013 இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் 46 மருந்துகள் இதில் இருந்தன. உயர்வகை நுண்ணுயிர்க்கொல்லிகள், காசநோய் மருந்துகள், பழக்கத்தை உண்டாக்கும் சில மருந்துகள் ஆகியவை இவற்றுள் அடங்கும். மருந்துக்கடைக்காரர் எழுதியவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும்.
• அட்டவணை எக்ஸ்: கெட்டமின், பார்பிட்டுரேட்டு வகைகள் முதலியவை. சீட்டு இருபடிகளாக எழுதப்பட்டு, ஒரு படி கடையில் இரண்டு ஆண்டுகள் வைக்கப்படவேண்டும்.

எழுதியவரும் நோயாளியும் வெவ்வேறு ஆட்களாக இருக்கவேண்டும் என்று 65 ஆவது விதியில் கூறப்படவில்லை. ஆகவே எச்1 பதிவேட்டில் இரு இடங்களிலும் ஒரே பெயர் எழுதப்பட்டால், அது கண்ணுக்குத் தெரியும் ஒரு குறியாக மட்டுமே இருக்கும்.

மருத்துவர்களின் நடத்தையை இந்திய மருத்துவக் கழகம் 2002 இல் வெளியிட்ட தொழில்நெறி விதிமுறைகள் வரையறுத்தன. 2020 செப்டம்பரில் அக்கழகத்தின் இடத்தில் தேசிய மருத்துவ ஆணையம் அமைந்தது. ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய விதிமுறைகளை அறிவித்து, அதே மாதத்தில் அவற்றை நிறுத்தி வைத்ததால் 2002 ஆம் ஆண்டின் விதிமுறைகள் மீண்டும் நடைமுறைக்கு வந்தன. 2002 விதிமுறைகளின் 4.1 ஆவது பிரிவு, மருத்துவர்களுக்கும் அவர்களைச் சார்ந்த நெருங்கிய குடும்பத்தினருக்கும் கட்டணமின்றி மருத்துவம் செய்வதை ஒரு மருத்துவர் மகிழ்ச்சியாகவும் பேறாகவும் கருதவேண்டும் என்கிறது. இப்பிரிவின் தலைப்பே மருத்துவர்கள் ஒருவரையொருவர் சார்ந்திருத்தல் என்பதாகும். மருத்துவருக்கு நோய் வந்தால் அவர் இன்னொரு மருத்துவரிடம் செல்வார் என்பதே இதன் உட்கருத்து. கட்டணம் தடையாகக்கூடாது என்பதற்காகவே இம்மரபு தோன்றியது.

பிற நாடுகளில்

அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847 இல் வெளியிட்ட முதல் நெறித்தொகுப்பிலேயே, நோயுற்ற மருத்துவர் தம் நோயைக் கணிக்கும் தகுதியைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறார் என்னும் கருத்து உள்ளது. மருத்துவர்கள் பொதுவாகத் தமக்கோ நெருங்கிய குடும்பத்தினருக்கோ மருத்துவம் செய்யக்கூடாது என்பது அச்சங்கத்தின் இன்றைய நெறி. அவசர நிலையும் வேறு மருத்துவர் இல்லாத ஒதுங்கிய இடமும், குறுகிய காலச் சிறு நோய்களும் இதற்கு விலக்காக ஏற்கப்படுகின்றன.

ஐக்கிய இராச்சியத்தின் பொது மருத்துவ மன்றம், இயன்றவரை தமக்கும் நெருங்கியவர்களுக்கும் எழுதுவதைத் தவிர்க்கவேண்டும் என்கிறது. தவிர்க்க இயலாமல் எழுதினால் அதைப் பதிவு செய்து தம் குடும்ப மருத்துவருக்குத் தெரிவிக்கவேண்டும். ஒவ்வொரு மருத்துவரும் தம் குடும்பத்தைச் சேராத ஒரு பொது மருத்துவரிடம் பதிந்திருக்கவேண்டும் என்றும் அது அறிவுறுத்துகிறது. உளநோய், போதைப் பழக்கம் ஆகியவற்றால் துன்புறும் மருத்துவர்கள் கமுக்கமாக நாடுவதற்கென ஒரு சேவை 2008 இல் இலண்டனில் தொடங்கப்பட்டது. உலக மருத்துவச் சங்கத்தின் செனீவா உறுதிமொழியில், மருத்துவர் தம் நலத்தையும் பேணவேண்டும் என்னும் கருத்து 2017 இல் சேர்க்கப்பட்டது.

2020 ஆம் ஆண்டு அனுபவம்

கோவிட்-19 பெருந்தொற்றின் தொடக்கத்தில் இக்கேள்வி இந்தியாவில் நடைமுறைச் சிக்கலாக எழுந்தது. 2020 மார்ச் மாதத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நோயாளிகளைப் பராமரிக்கும் மருத்துவப் பணியாளர்களும் நோயுற்றோரின் வீட்டாரும் முன்தடுப்பாக ஐதராக்சிகுளோரோகுயின் மருந்தை எடுத்துக்கொள்ளலாம் எனப் பரிந்துரைத்தது. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டுடன் மட்டுமே மருந்து வழங்கப்படவேண்டும் என்பது அதிலிருந்த ஒரு கட்டுப்பாடு. பதுக்கலையும் தவறான பயன்பாட்டையும் தடுக்க, மார்ச் 26 அன்று இம்மருந்தின் விற்பனை எச்1 கட்டுப்பாடுகளின்கீழ் கொண்டுவரப்பட்டது.

இக்கட்டுப்பாடு பொதுமக்களைத் தடுத்து நிறுத்தியது. ஆனால் இப்பரிந்துரை முதன்மையாக எவரை நோக்கியதோ, அவர்களுள் பலர் தாமே சீட்டு எழுதும் உரிமை உடையவர்கள். அவர்களைப் பொறுத்தவரை அக்கட்டுப்பாடு தானாகவே நிறைவேறிவிட்டது. இம்மருந்து சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியது. அசித்ரோமைசின் போன்ற சில மருந்துகளுடன் சேரும்போது இவ்விடர் கூடுகிறது. 2020 மார்ச் இறுதியில் அசாமில் மருத்துவர் ஒருவர் இம்மருந்தை உட்கொண்ட பின்னர் மாரடைப்பால் இறந்ததாகச் செய்திகள் வந்தன. மருந்தே இறப்புக்குக் காரணம் என்று நிறுவப்படவில்லை. எனினும், உட்கொள்ளும் முன் இதயத்தைச் சோதித்தவர் யார் என்ற கேள்வியை அந்நிகழ்வு எழுப்பியது. 2020 மே மாதத்தில் திருத்தி வெளியிடப்பட்ட அறிவுரை, ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பதைக் குறிப்பிட்டது. சூன் மாதத்தில் இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வும் உலக சுகாதார அமைப்பின் ஆய்வும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கோவிட் நோயாளிகளுக்கு இம்மருந்தால் பயனில்லை என்று கண்டு, அதைக் கைவிட்டன.

ஒரே மருத்துவர் உள்ள இடங்கள்

வேறு மருத்துவரே இல்லாத நிலைக்கு மிகக் கடுமையான எடுத்துக்காட்டு அண்டார்டிக்காவில் நிகழ்ந்தது. 1961 ஏப்ரல் 30 அன்று, சோவியத் நிலையமான நோவோலாசரெவ்ஸ்கயாவில் இருந்த ஒரே மருத்துவரான லியோனிட் ரோகசோவ், தம் குடல்வாலைத் தாமே அறுத்து நீக்கிக்கொண்டார். அவர் பிழைத்தார். அந்நிலையிலும் அவர் தனியே அதைச் செய்யவில்லை. மருத்துவம் அறியாத தோழர்கள் கருவிகளை எடுத்துக் கொடுத்தனர், கண்ணாடியைப் பிடித்துக் காட்டினர். தாம் மயங்கினால் என்ன செய்யவேண்டும் என்பதையும் அவர் முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். விதிவிலக்கான நிலையிலும் இயன்ற அளவு பிறர் துணை தேடவேண்டும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

பழவேற்காடு

பழவேற்காடு ஏரி சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி ஆகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டின் பொன்னேரி வட்டத்திலும் அமைந்துள்ளது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையிலும் ஏரியின் கரைகளிலும் மீனவக் குப்பங்கள் பல உள்ளன. ஏரியின் ஆந்திரப் பகுதியில் உள்ள இரக்கம் போன்ற தீவு ஊர்களுக்குப் படகே வழி. பழவேற்காட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் உள்ளது. அடுத்த நிலைச் சிகிச்சைக்கு ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ள பொன்னேரி அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அதற்கும் மேற்பட்டது சென்னையிலோ, 2022 இல் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியிலோ கிடைக்கும். சமவெளிப் பகுதிகளில் 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது இந்திய அரசின் அளவுகோல்.

இத்தகைய ஊரில் இரவுப் பணியில் இருக்கும் மருத்துவருக்குக் காய்ச்சலோ நெஞ்சுவலியோ வந்தால், அவருக்கு மருத்துவர் யார் என்பது எளிதில் விடை கிடைக்கும் கேள்வியன்று. அவர் பொன்னேரிக்குச் சென்றால் நிலையத்தில் மருத்துவர் இருக்கமாட்டார். செல்லாவிட்டால் அவரே தமக்கு மருந்து எழுதிக்கொள்ள நேரிடும். புயல் எச்சரிக்கைக் காலத்தில் இவ்விடர் இன்னும் கூடும். ஆகவே 'எழுதாதே' என்ற தடை மட்டும் இங்கு போதாது. மாற்று மருத்துவர் ஒருவரை அமைப்பே ஏற்பாடு செய்து தரவேண்டியுள்ளது. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகளும், அதே ஆண்டு பொதுமக்களுக்காகத் தொடங்கப்பட்ட இ-சஞ்சீவனி சேவையும் இதற்கு ஒரு வழியைத் திறந்துள்ளன. தொலைபேசி வழியாகவேனும் இன்னொரு மருத்துவர் கேள்வி கேட்டு, தம் பெயரில் சீட்டு எழுதினால், இரண்டாவது ஆள் என்னும் தேவை பெருமளவு நிறைவேறுகிறது. அட்டவணை எக்ஸ் மருந்துகளையும் போதை மருந்துகளையும் தொலைமருத்துவம் வழியாக எழுத அந்நெறிமுறைகள் இடமளிக்கவில்லை.

இக்கொள்கை ஏரிக்கரை மக்களுக்குப் புதியதன்று. பழவேற்காட்டுப் பட்டினவர் ஊர்களில் பாடு எனப்படும் முறை உள்ளது. எந்தக் குழுவினர் எந்த நாளில் எந்த நீர்ப்பகுதியில் வலையிடுவது என்பது இம்முறையில் ஊர்ப்பொதுவில் முடிவு செய்யப்படுகிறது. ஏரியை நன்கறிந்த மூத்த மீனவரும் தம் பங்கைத் தாமே தீர்மானித்துக்கொள்வதில்லை. அவருடைய அறிவை எவரும் ஐயுறுவதில்லை. தம் பங்கு என்று வரும்போது எவருடைய கண்ணும் சாயக்கூடும் என்பதே பாடு முறையின் அடிப்படை.

மருத்துவர் அல்லாதோர்

மருத்துவர் தமக்கு எழுதிக்கொள்வதும், பழைய சீட்டைக் காட்டி மருந்து வாங்குவதும் ஒரே குறையின் இரு வடிவங்கள் ஆகும். வலை இழுத்துக் கரை சேரும் நேரமும் புறநோயாளர் பிரிவு நடைபெறும் நேரமும் ஒன்றாக அமையும்போது, ஒரு நாள் வருமானத்தை இழந்து வரிசையில் நிற்பதைவிட மருந்துக்கடையில் கேட்டு வாங்குவது எளிதாகத் தோன்றும். மருத்துவர் கூறும் 'நேரமில்லை' என்ற காரணமும் இதுவே. ஆனால் மீனவரின் தொழிலை அறிந்து எழுதவேண்டிய மருந்துகள் பல உள்ளன:

• டாக்சிசைக்ளின் உட்கொள்பவரின் தோல் வெயிலில் எளிதில் கன்றிப் புண்ணாகும். நாள் முழுவதும் படகில் இருப்பவருக்கு இதைச் சொல்லியே கொடுக்கவேண்டும்.
• குளோர்பெனிரமின் போன்ற சளி, ஒவ்வாமை மாத்திரைகள் உறக்கத்தைத் தரும். இரவில் படகு செலுத்துபவருக்கு இது உயிரிடர் ஆகும்.
• டைக்குளோஃபெனாக் போன்ற வலிநீக்கிகள், வியர்த்து நீரிழந்த உடலில் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும்.
• உவர்நீரில் மீன்முள் குத்திய காயத்தில் விப்ரியோ வகைக் கிருமிகள் புகக்கூடும். சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ உள்ளவரிடம் இது சில மணி நேரங்களில் முற்றக்கூடும். வீட்டில் எஞ்சியிருக்கும் ஏதோ ஒரு நுண்ணுயிர்க்கொல்லி இதற்கு மருந்தாகாது.

மருத்துவர் தமக்கே எழுதும்போதும் தொழில் பற்றிய கேள்வி விடுபடுகிறது. அதே சளி மாத்திரையை உட்கொண்டு இரவுப் பணியில் பிரசவம் பார்ப்பவர், தம்மிடம் வரும் ஓட்டுநரிடம் 'இன்று வண்டி ஓட்டாதீர்கள்' என்று சொல்லக்கூடியவரே.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கான மருந்துகளை வீட்டிலேயே வழங்குவதுடன் அளவுகளையும் சோதிக்கிறது. மருந்து தொடர்வதற்கு முன் மற்றொருவர் பார்க்கவேண்டும் என்னும் தேவையை நோயாளியின் வாசலுக்குக் கொண்டு செல்லும் முயற்சியாக இதைக் கருதலாம்.

ஆதரவு வாதங்கள்

முழுமையான தடைக்கு எதிரான வாதங்களும் உள்ளன. சாதாரணத் தலைவலிக்கும் சேற்றுப்புண்ணுக்கும் வேறு மருத்துவரை நாடச் சொல்வது, பொதுமக்களுக்கு உள்ள உரிமையைக் கூட மருத்துவருக்கு மறுப்பதாகும். கடுமையான தடை வந்தால், மருத்துவர்கள் சிகிச்சையையே தவிர்க்கவும், உடன் பணியாற்றுபவரிடம் பார்க்காமலே கையொப்பம் வாங்கவும் நேரிடலாம். பின்னது நேரடியாகத் தமக்கு எழுதுவதைவிடத் தீங்கானது. இரண்டாவது ஆள் இருப்பது போன்ற தோற்றத்தை மட்டுமே அது தருகிறது. இவ்வாதங்களில் உண்மை உண்டு. இவற்றைக் கருதியே பெரும்பாலான நெறித்தொகுப்புகள் முழுத்தடை விதிக்காமல், மருந்தின் வகையையும் சூழலையும் கொண்டு எல்லை வகுக்கின்றன.

நடைமுறை நெறிகள்

மேற்கண்ட நெறித்தொகுப்புகளில் பொதுவாகக் காணப்படுபவற்றையும் இக்கட்டுரையில் விளக்கியவற்றையும் பின்வருமாறு தொகுக்கலாம்:

• சீட்டின்றிப் பொதுமக்கள் வாங்கக்கூடிய மருந்துகளை மருத்துவரும் சிறு நோய்களுக்குக் குறுகிய காலம் பயன்படுத்தலாம்.
• பழக்கத்தை உண்டாக்கும் மருந்துகள், மனநோய் மருந்துகள் ஆகியவற்றைத் தமக்கு எழுதிக்கொள்ளக்கூடாது.
• நுண்ணுயிர்க்கொல்லி தேவை என்று தோன்றினால், சோதனையும் வேறொரு மருத்துவரின் கருத்தும் முதலில் வரவேண்டும்.
• நாட்பட்ட நோய்க்கான மருந்தின் அளவைத் தாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.
• அவசரத்தில் எழுத நேர்ந்தால், அதைப் பதிவு செய்து, இயன்ற விரைவில் வேறு மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும்.
• ஒவ்வொரு மருத்துவரும் நலமாக இருக்கும்போதே தமக்கென ஒரு மருத்துவரைத் தெரிவு செய்து வைத்துக்கொள்ளவேண்டும். ஒரே மருத்துவர் உள்ள நிலையங்களில் அவர் யார் என்பதும், அவர் வரும்வரை பணியை ஏற்பவர் யார் என்பதும் முன்கூட்டியே எழுத்தில் இருக்கவேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

• தன்மருத்துவம்
• மருத்துவ அறவியல்
• நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பு
• ஆரம்ப சுகாதார நிலையம்
• பழவேற்காடு ஏரி